பழைய காரில் கிளட்ச் கோளாறு: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ போன்ற வண்டிகள் இன்றும் அன்றாட வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் கிளட்ச் சற்றே தகராறு செய்தாலும் "பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்ற தீர்ப்புதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. சில சமயம் அது சரியான தீர்ப்பு. ஆனால் பெடல், கேபிள், ஆயில் என்று வெளியிலிருந்தே பார்த்துவிடக்கூடிய காரணங்களைச் சோதிக்காமல் இறக்கினால், கூலியும் இரண்டு நாள் வேலையும் வீணாகி, கோளாறு அப்படியே நிற்கும். அதனால் கீழே உள்ள பதில்கள் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் எழுதப்பட்டுள்ளன.

கிளட்ச் உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும், அதன்மேல் போல்ட்டால் முடுக்கப்பட்ட பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பிளேட்டின் நடுவிலுள்ள பற்கள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டோடு பொருந்தியிருப்பதால், அந்தப் பிடி இருக்கும்வரை இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகிறது. பெடலை மிதிக்கும்போது கேபிளோ ஹைட்ராலிக் எண்ணெயோ ஃபோர்க்கை நகர்த்துகிறது, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது, பேரிங், பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங் விரல்களை அழுத்துகிறது, பிடி தளர்கிறது. எல்லாக் கிளட்ச் கோளாறையும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் வைத்துப் பார்த்துவிடலாம்.

என் வண்டியில் கிளட்ச் வழுக்குகிறதா, பிரியாமல் நிற்கிறதா என்பதை எப்படி அறிவது?

இரண்டும் நேர் எதிரான கோளாறுகள் என்பதால், முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்த பிறகும் பிடி முழுமையாக விழவில்லை என்றால் அது வழுக்கல்: ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாது. பெடலை அடிவரை மிதித்த பிறகும் பிடி முழுமையாக விடவில்லை என்றால் அது பிரியாமை: கியர் விழ மறுக்கும், ரிவர்ஸ் கறகறக்கும், முதல் கியரில் பெடலை மிதித்தபடி நின்றாலும் வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்.

பட்டறையில் "கிளட்ச் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், இந்த இரண்டில் எது என்பதைச் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

வழுக்கலை உறுதிப்படுத்த ஏதேனும் சோதனை உண்டா?

உண்டு. முன்னும் பின்னும் ஆளில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தியபடி, இன்ஜின் ஓடும் நிலையில் நான்காம் கியரைப் போட்டு, கிளட்சை நிதானமாக விடுங்கள். பெடல் மேலே வருவதற்குள்ளேயே இன்ஜின் திணறி நின்றுவிட்டால் பிடி நன்றாக இருக்கிறது. பெடல் முழுவதும் மேலே வந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் வழுக்கல் உறுதி. இதை ஒருமுறை மட்டும் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

தொடக்க நிலையிலுள்ள வழுக்கல் இந்தச் சோதனையில் அகப்படாமல் போகலாம். அதற்கு ஏற்றம் வேண்டும். ஆள்நடமாட்டம் குறைந்த ஒரு மேட்டில், சூடான வண்டியை மூன்றாம் அல்லது நான்காம் கியரில் மெதுவாக ஓட்டிச் சென்று, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக அடிவரை அழுத்துங்கள். மாருதி 800 போன்ற வண்டிகளின் அடிப்படை மாடலில் இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது. காதால்தான் கேட்க வேண்டும். சத்தம் திடீரென எகிறி, ஸ்பீடாமீட்டர் முள் அசையாமல் நின்றால் வழுக்குகிறது என்று பொருள். சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏறிவரும் தொப்பூர் கணவாயில் இந்தச் சோதனையை யாரும் செய்ய வேண்டாம். பாரம் ஏற்றிய லாரிகள் நெருக்கியடித்து வரும் வழியில், வண்டி இழுக்காமல் நின்றுபோனால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல.

பிக்கப் இல்லை என்றாலே கிளட்ச்தானா?

இல்லை. ஏற்றத்தில் வண்டி திணறும்போது இன்ஜின் சத்தமும் சேர்ந்து அமுங்கினால் கோளாறு இன்ஜினில் இருக்கிறது: ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் வரத்து ஆகியவற்றைப் பாருங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தாலும் பிக்கப் போய்விடும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, தொடாமல் கையை அருகில் கொண்டுபோனால், ஒட்டியிருக்கும் சக்கரத்தில் மட்டும் அனல் வீசும்.

வழுக்கல் உறுதியாகிவிட்டது. இனி பிளேட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லையா?

பொறுங்கள். கேபிள் கிளட்ச் வண்டிகளில் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே நகர்கின்றன. அதனால் பெடலில் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் (எதிர்ப்பில்லாமல் பெடல் போகும் தூரம்) குறைந்துகொண்டே போகிறது. யாரும் அதைத் திருத்தாமல் விட்டால், ஒரு கட்டத்தில் பெடலில் கால் வைக்காதபோதே பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நிலையில் நல்ல பிளேட்டும் வழுக்கும். கேபிள் உள்ளே துருப்பிடித்து, பெடலை விட்டாலும் முழுவதும் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் நடப்பதும் இதுவேதான்.

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து மாங்காய் சீசனில் மண்டிக்கு கிரேட் ஏற்றிக்கொண்டிருந்த ஓர் ஆம்னியை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். வழுக்குகிறது என்று சொல்லி, ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிப் புது பிளேட் போட்டிருந்தார்கள்; சில வாரங்களிலேயே மீண்டும் வழுக்கத் தொடங்கியது. கேபிளைக் கழற்றி, உள்கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தபோது, இழுத்த இடத்திலேயே நின்றது, திரும்பவில்லை. மேல் உறை ஓரிடத்தில் உருகிச் சப்பையாகியிருந்தது. பெடல் பாதி மிதித்த நிலையிலேயே ஓடியதால், புது பிளேட்டும் அதற்குள் பளபளவென்று கண்ணாடியாகிவிட்டது. கேபிளை முதலில் பார்த்திருந்தால் பழைய பிளேட்டே இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கக்கூடும்.

மூன்றாவது காரணம் ஆயில். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விரலில் தொட்டால் கறுப்பாக, நீர்த்ததாக இருந்தால் அது இன்ஜின் ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறது. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அது கியர் ஆயில். இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. இந்த நிலையில் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். ஆனால் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புது பிளேட்டும் எண்ணெயில் ஊறிப்போகும். ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது நிலைக்காது. லைனிங், அதாவது பிளேட்டின் மேலுள்ள உராய்வுப் பட்டை, உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் மறுபடியும் வெளியே வரும்.

இவை மூன்றும் இல்லையென்றால், பிளேட் தேய்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

பெடலின் சும்மா ஆட்டத்தை எப்படி அளப்பது?

இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடலைக் காலால் அல்ல, கையால் அழுத்துங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாமல் சற்றுத் தூரம் போகும். பிறகு பேரிங் விரல்களைத் தொடும் இடத்தில் கனம் தெரியும். அதுவரை போன தூரமே சும்மா ஆட்டம். பெரும்பாலான பழைய கேபிள் வண்டிகளில் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளின் கியர்பாக்ஸ் முனையிலுள்ள நட்டைத் திருகி இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆட்டம் இல்லாமல் போனால் வழுக்கும். அளவுக்கு மீறினால் பிரியாது. நட்டைத் திருகித் திருகி, மரையின் முடிவுக்கே வந்துவிட்டது என்றால், பிளேட்டின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது.

ரிவர்ஸ் கியர் போடும்போது கறகறவென்று அரைக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோனைசர் (கியர் விழுமுன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. அதனால் கிளட்ச் சிறிதளவு பிரியாமல் இருந்தாலும் அதை முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான். இன்ஜின் நிதானமாக ஓடும்போது பெடலை அடிவரை மிதித்து, மூன்று நான்கு விநாடிகள் காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அப்போது சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். காத்திருந்தும் அரைத்தால் கிளட்ச் பிரியவில்லை.

இன்னொரு சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். நின்றிருக்கும்போது வெண்ணெயாக விழுவது, ஓடும்போது மட்டும் எல்லாக் கியரிலும் முரண்டு பிடித்தால் குற்றம் கிளட்சில். ஒரே ஒரு கியர் மட்டும், எடுத்துக்காட்டாக இரண்டாவது மட்டும், ஓட்டத்தில் அரைத்தால் குற்றம் அந்தக் கியரின் சின்க்ரோனைசரில். நின்றிருக்கும்போதும் விழவில்லையென்றால் கியர் லிவரின் இணைப்புகளைப் பாருங்கள்.

பிரியாமைக்கான காரணங்களையும் வெளியிலிருந்தே தேட வேண்டும். பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கும் மேட் அதை அடிவரை போகவிடாமல் தடுக்கிறதா? சும்மா ஆட்டம் கூடிவிட்டதா? கேபிளின் முனையில் இழைகள் பிரிந்து, கேபிள் நீண்டுகொண்டிருக்கிறதா? இவையெல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லையென்றால், ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர், கால் வைக்கும் பகுதியையும் இன்ஜினையும் பிரிக்கும் தகட்டைத் தாண்டி கேபிள் இன்ஜின் பக்கம் வரும் இடத்தைப் பார்க்கட்டும். வயதான வண்டிகளில் அந்தத் தகடு விரிசல்விட்டு, மிதிக்கும்போதெல்லாம் முன்னால் வளைந்து கொடுக்கும். கேபிள் இழுக்க வேண்டிய தூரத்தை அந்த வளைவு தின்றுவிடும். இது டிங்கர் வேலை, கிளட்ச் வேலை அல்ல.

என் வண்டியில் கேபிள் இல்லை, ஹைட்ராலிக் கிளட்ச். பெடல் பஞ்சுபோல் இருக்கிறது, சில சமயம் கீழேயே நின்றுவிடுகிறது.

பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் கியர் ஒழுங்காக விழுகிறது, விட்டுவிட்டால் மறுபடியும் பழைய கதைதான் என்றால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. டிரைவர் பக்கத்தில், பெடலுக்கு மேலே, எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பி உள்ளே நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்தில், அந்த அழுத்தத்தால் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஈரம் இருக்கும் இடமே ஒழுகும் இடம். வெளியே எங்கும் ஈரமில்லை, கிளட்ச் எண்ணெய் ஊற்றும் டப்பாவில் எண்ணெயும் குறையவில்லை, ஆனால் மிதித்துப் பிடித்த பெடல் மெதுவாக அமிழ்கிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் தேய்ந்திருக்கிறது.

டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகை பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றினால் எல்லா ரப்பரும் உப்பிக் கெட்டுவிடும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான் என்பதால், இந்தத் தவறு பிரேக்கையும் சேர்த்துக் கெடுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

பெடல் மிகவும் கனமாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது.

கேபிள் வண்டியானால் முதலில் கேபிளை மாற்றுங்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு. அதற்குப் பிறகும் கனம் குறையவில்லையென்றால் ஃபோர்க் சுழலும் இடம் வறண்டிருக்கலாம், அல்லது பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருக்கலாம்.

கிளட்ச் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது. எந்தச் சத்தம் எதைக் குறிக்கும்?

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். பெடலைத் தொடாதபோது அமைதியாக இருந்து, மிதிக்கத் தொடங்கியதும் கீச்சென்றோ உர்ரென்றோ கேட்டால் ரிலீஸ் பேரிங். பெடலைத் தொடாதபோது உறுமல் கேட்டு, மிதித்ததும் அடங்கிவிட்டால் அது கிளட்ச் அல்ல, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். நியூட்ரலில் கடகடவென்று தட்டும் சத்தம் வந்தால், பிளேட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம்.

ரிலீஸ் பேரிங் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு தூரப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். அது இறுகி உடைந்தால் பிரஷர் பிளேட்டின் விரல்களையும் அரைத்துவிடும்.

முதல் கியரில் எடுக்கும்போது வண்டி குலுங்குகிறது.

பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், லைனிங் கண்ணாடியாகியிருக்கலாம், ஃப்ளைவீலில் சூடேறி நீலம்பாரித்த திட்டுகள் இருக்கலாம். ஆனால் அதற்கும் முன் இன்ஜின் மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள்; அவை கிழிந்திருந்தாலும் இதே குலுக்கல்தான் வரும். ஆம்னி போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வத்தல்மலை ஏறி இறங்கியதும் கருகிய வாடை வந்தது. பிளேட் போய்விட்டதா?

ஒருமுறை வாடை வந்ததனால் மட்டும் பிளேட் போய்விடாது. வண்டியை அரைமணி நேரம் ஆறவிட்டு, மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். பிடி பழையபடி இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் வாடை ஏன் வந்தது என்பதை யோசிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வண்டிக்காக நிற்கும்போது, பிரேக்கைப் பயன்படுத்தாமல் அரைக் கிளட்சிலும் ஆக்ஸிலேட்டரிலும் வண்டியைத் தாங்கி நிறுத்துவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஃப்ளைவீல் சுழல, பிளேட் நிற்க, அந்த உராய்வின் சூடு முழுவதும் லைனிங்கில் இறங்குகிறது. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நின்று, பிடி விழும் இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுவதே முறை. அதற்கு ஹேண்ட் பிரேக் வேலை செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் கிளட்ச் சீக்கிரம் தேய்வதற்குச் செத்துப்போன ஹேண்ட் பிரேக்கும் ஒரு காரணம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூரில் இறங்கும்போதும், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும்போதும், பெட்ரோல் மிச்சமாகும் என்று கிளட்சை மிதித்தபடியோ நியூட்ரலிலோ உருளவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினின் தடை அறுந்துபோவதால் முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கிளட்ச் பிரியாமல் கியர் குறைக்க முடியாத வண்டியை இந்த இறக்கங்களுக்குக் கொண்டுபோகவே கூடாது.

பெங்களூரில் வேலை. ஊரில் மாதக்கணக்கில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் எந்தக் கியரும் விழவில்லை.

ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போயிருப்பவர்களின் வீடுகளில், மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். ஈரத்தால் ஃப்ளைவீலில் துரு ஏறி, பிளேட் அதோடு ஒட்டிக்கொள்கிறது. தேய்மானம் எதுவும் இல்லை. நியூட்ரலில் இன்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு சூடேற்றி, நிறுத்துங்கள். திறந்த களத்தில், முன்னால் யாரும் எதுவும் இல்லாத நிலையில், இரண்டாம் கியரில் பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி நகரத் தொடங்கும். பெடலை விடாமல், ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தும் விட்டும் பிரேக்கைத் தொட்டும் ஓட்டினால் பல சமயம் பிளேட் விடுபட்டுவிடும். விடுபடவில்லையென்றால் வன்மையாக முயல வேண்டாம். இறக்கிப் பிரிப்பதே வழி.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?

கழற்றும்போது நீங்களும் அருகில் இருங்கள். பிளேட்டைக் கையில் வாங்கி, லைனிங்கின் மேற்பரப்புக்கும் ரிவெட் தலைகளுக்கும் இடையே எவ்வளவு பள்ளம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். நகம் தட்டுப்படும் அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லாமல் ரிவெட் மேலே வந்திருந்தால், அது ஃப்ளைவீலையும் கீறியிருக்கும். பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, பேரிங் தொட்ட இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதே சிக்கனம், ஏனென்றால் பேரிங்குக்காக மறுபடியும் இறக்கினாலும் கூலி அதேதான். ஃப்ளைவீலில் கீறலோ நீலத் திட்டோ இருந்தால் லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவச் சொல்லுங்கள். இரண்டு ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கூட்டுக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் பையன்களுக்காகவாவது இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

வழியில் கேபிள் அறுந்துவிட்டால் என்ன செய்வது?

இன்ஜினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருப்பினால் பழைய பெட்ரோல் கார்கள் ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலுவிலேயே நகர்ந்து ஓடத் தொடங்கும். இப்படி முதல் கியரிலேயே ஊர்ந்து, நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கோ ஓரத்துக்கோ வந்துவிடலாம். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக்கை மிதித்து இன்ஜினை அணைக்க வேண்டும். சுங்கச்சாவடி வரிசையிலோ கணவாயிலோ இந்த வித்தையைக் காட்டாமல், அங்கேயே ஓரங்கட்டி இழுவை வண்டியை அழையுங்கள். கேபிள் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு புதுக் கேபிளை டிக்கியில் வைத்திருந்தால், எந்த ஊர் மெக்கானிக்கும் சாலையோரத்திலேயே மாட்டிக் கொடுத்துவிடுவார்.

புது கிளட்ச் போட்டாயிற்று. உடனே பாரம் ஏற்றலாமா?

முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பாரத்தையும் மலைப்பாதையையும் தவிர்த்து, மென்மையாக ஓட்டுங்கள். லைனிங்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று படிய அந்த அவகாசம் வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கேபிளின் சும்மா ஆட்டத்தை ஒருமுறை அளந்து, தேவைப்பட்டால் நட்டைத் திருத்திவிடுங்கள்.